இருபத்திநாலாம் தேதி

"இரும்பு எதுனா குடுங்கப்பா" என்று செல்லதுரை பெரியப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் இளவரசனின் தலையில் மூன்று குடம் தண்ணீரை ஊற்றி முடித்திருந்தார்கள். இடுப்பில் புது வேட்டி. ஈரத்தில் அது தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"கொள்ளி வைக்கிறவன் மடியில இரும்பு இருக்கணும். கருமாதி முடியிற வரைக்கும் எடுக்கப்படாது. கத்தியோ சாவியோ எதுனா ஒண்ணு."

ஒருவர் கத்தி தேடி அடுக்களைப் பக்கம் போனார். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "இந்த வூட்ல இரும்புக்கா பஞ்சம்?" என்றார். பக்கத்து ஆள் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பெரியப்பாவின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். திரும்பி ஜீப்பைப் பார்த்தார். பானட்டின் மேல் ஒரு தகர டப்பா நிறைய போல்ட்டுகள் இருந்தன. விரல் நீளத்தில் ஒன்றை எடுத்து, ஊதி, இளவரசனின் மடியில் செருகினார்.

"பத்திரம்" என்றார்.

செருகிய இடத்தில் வேட்டியில் துருவின் நிறம் இறங்கியது.

ஜீப் வாசலில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இல்லை. நான்கு மூலையிலும் கருங்கல் அடுக்கி அதன்மேல் இளவரசன் உட்கார வைத்திருந்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபது வருஷம் ஓடி, பத்து வருஷம் மழையில் கிடந்து, ஏலத்துக்கு வந்த வண்டி. அவன் அந்தச் சுரங்கத்தில் சர்வேயர். ஏலம் கேட்க வேறு ஆள் வரவில்லை. தரைத் தகடு அரித்துப்போய், உள்ளே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரியும். இன்று பந்தல் கயிற்றின் ஒரு முனையை அதன் கண்ணாடிச் சட்டத்தில் கட்டியிருந்தார்கள். பந்தலே ஜீப்பை மூடி வைக்கும் தார்ப்பாய்தான்.

அவன் உள்ளே போய் மனைவி பரிமளாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். நேற்று மாலையிலிருந்து அந்த இடம்தான். எழுந்தால் யாராவது "எங்க?" என்று கேட்டார்கள். உட்கார்ந்தால் யாராவது தோளில் கை வைத்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே, குளியலறைச் சுவரோரம் இருந்த நீல டிரம் தெரிந்தது. மேலே பலகை மூடி. மூடியின் நடுவில் ஒரு கல். டிரம்மின் வயிற்றில் பரிமளா சாக்பீஸால் எழுதியிருந்தாள்.

3-ந் தேதி போட்டது. 24 எடுக்கணும். நடுவுல தொடக்கூடாது. நீங்களுந்தான்.

இன்று பதினொன்று.

துருத் தூசி அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. ஜீப் வந்த முதல் மாதம் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள். ராத்திரி முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இழுத்தாள். அரியலூர் டாக்டர், தூசி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். தூசி இல்லாத வேலை எது என்று அவளே யோசித்தாள்.

அவள் தம்பி வீரமணி செட்டிகுளத்திலிருந்து சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். ஆலையில் கழிவுப்பாகுத் தொட்டிக்குள் விழுந்த ஒரு துருச் சங்கிலி, ஒரு மாதம் கழித்து எடுத்தபோது வெள்ளை வெளேரென்று வந்த கதையை தீபாவளிக்கு வந்தபோது சொன்னான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். பரிமளா சிரிக்கவில்லை. "ஒரு கேன் பாகு எடுத்தாடா" என்றாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பங்கு பாகு, ஒன்பது பங்கு தண்ணீர். அதில் ஒரு போல்ட்.

இளவரசன் தினமும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

"வெந்துருச்சான்னு சோத்தக் கிண்டுற மாதிரி கிண்டாதீங்க. அதுவா ஆவும்."

இருபத்தோராம் நாள் அது சாம்பல் நிறத்தில், மரை மரையாகச் சுத்தமாக வந்தது. துடைத்து, எண்ணெய் தடவி, டிவியின் மேல் வைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினாள்.

பிறகு பெரிய டிரம். இந்த மாதம் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பின் சின்னச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கட்டுக்கம்பியில் கோத்து உள்ளே இறக்கினாள். முதலில் இறக்கியது மூன்று பெடல்கள்.

"கிளட்ச் எனக்கு எட்டாது."

"கட்டை வெச்சு வெல்டு அடிச்சுத் தரேன்."

"எத்தன இஞ்ச்?"

அவனைப் பதில் சொல்ல விடாமல் டேப்பை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி அவளே அளந்தாள். ரெண்டே கால் என்றாள். கையில் இருந்த சாக்பீஸால் அதையும் குளியலறைக் கதவின் உள்பக்கம் எழுதிவைத்தாள்.

"மூணு மணி தாண்டியும் மிஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா. அதான் எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

எதிர்வீட்டு ராசாத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பரிமளாவின் அம்மா ஆண்டாயியிடம். அதிகாலை பஸ்ஸில் வந்தவள். வந்ததிலிருந்து மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"சும்மா இருந்தா ஒரு டம்ளர் வுழுந்தாக்கூட எங்க வூட்டுக்குக் கேக்கும்" என்றாள் ராசாத்தி.

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். ஆண்டாயி தலையைத் தூக்கி இளவரசனைப் பார்த்தாள். பிறகு மறுபடி பாதத்தைப் பார்த்தாள்.

நேற்று காலை பத்து மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது. மறுபடி எப்போது போகும் என்று தெரியாது. சாப்பிட்ட கையோடு மிஷினை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தான். கம்பி பிரஷ் மாட்டிய மிஷின். சேஸியில் வைத்தால் காது அடைத்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஓட்டினான். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அவனாக நிறுத்தவே இல்லை. மூன்றரைக்குக் கரண்ட் போனது. மிஷின் தானாக நின்றது. அப்போதுதான் தெருவே அவ்வளவு அமைதியாக இருப்பது தெரிந்தது. "டீ போடுறியா?" என்று அடியில் படுத்தபடியே கேட்டான். இரண்டு தடவை கேட்டான்.

பரிமளா அடுக்களை வாசற்படியில் கிடந்தாள். வாசலைப் பார்த்துத்தான் கிடந்தாள். மாத்திரை டப்பா திறந்திருந்தது.

"என்னடி, ஏதோ கள்ளு நாத்தம் அடிக்குது?" என்றாள் ஒரு பெண், ஜன்னல் பக்கம் மூக்கைக் காட்டி.

"அந்த டிரம்முலேருந்துதான் வருது."

"மாப்ள காய்ச்சுறாரு போல."

"சும்மா இரு."

இளவரசனின் அக்கா ஜெயசித்ரா அவர்கள் பக்கம் வந்தாள். நேற்று மாலை வந்ததிலிருந்து வீட்டை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். யாருக்கு டீ, யாருக்குப் பாய், யாரை எங்கே உட்கார வைப்பது எல்லாம் அவள்தான்.

"எடுத்ததும் ஆளுக்கொரு பக்கமா கழுவி வுட்ரணும். பழைய தண்ணி ஒரு சொட்டு இருக்கப்படாது. கொடம், அண்டா, தொட்டி எல்லாத்தையும் கவுத்துருங்க. பாயும் தலவாணியும் நான் பாத்துக்குறேன்."

"அந்த டிரம்முமா அக்கா?"

"அதுந்தான். பொணம் கெடந்த வூட்ல எதை வெச்சிருக்க முடியும்?"

இளவரசன் எழுந்தான்.

"அக்கா."

"என்னடா? தண்ணி குடிக்கிறியா?"

"அந்த டிரம்மு இருக்கட்டும். கவுக்க வேணாம்."

"ஏன், என்ன இருக்கு அதுல?"

"ஜீப்பு சாமான். ஊறுது."

ஹாலில் பேச்சு நின்றது. ஜெயசித்ரா அவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"இப்பக்கூட உனக்கு ஜீப்புதானாடா?"

ஒரு வரி சொன்னால் போதும். அது அவள் போட்டது. அதில் தேதி எழுதியிருக்கிறாள். வெளியே போய்ப் பாருங்கள். அவ்வளவுதான். ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்கு அடியில் மிஷின் ஓடியது. ராசாத்தி தரையைப் பார்த்தாள். ஆண்டாயி தலையைத் தூக்கவில்லை.

அவன் உட்கார்ந்தான். மடியில் போல்ட் குத்தியது.

பதினொரு மணிக்கு வீரமணி பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான். பச்சைப் புடவை, மஞ்சள், குங்குமம், ஒரு பந்து கதம்பம். தாம்பாளத்தை அக்கா பரிமளாவின் காலடியில் வைத்தான். மாமாவிடம் எதுவும் பேசவில்லை. புடவை சாத்தும்வரை ஆண்களை வெளியே போகச் சொன்னபோது, டிவியைத் தாண்டிப் போனவன் நின்றான். மேலே இருந்த போல்ட்டை எடுத்தான். கட்டைவிரலால் மரையை ஒரு தடவை தடவினான். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

எடுக்கும் நேரம் வந்தது. பாடைக்கும் ஜீப்புக்கும் நடுவில் இரண்டடி இடம்தான் இருந்தது.

"கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்கப்பா. ஜீப்பு இடிக்கும்."

"அந்தாண்ட ஒதுங்க முடியாதா?"

"செவுரு இருக்குல்ல."

"மெல்ல. தல பக்கம் தூக்கு."

பாடையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொண்டுபோனார்கள். கதம்பத்தின் ஒரு சரம் மட்கார்டின் உடைந்த விளிம்பில் மாட்டியது. தோள் கொடுத்திருந்த வீரமணி நின்று, ஒரு கையால் அதை எடுத்துவிட்டான். நடந்தான்.

இளவரசன் தீச்சட்டியோடு முன்னால் போனான். பெரியப்பா பக்கத்தில் வந்தார்.

"திரும்பிப் பாக்காத. என்ன சத்தம் கேட்டாலும் திரும்பப்படாது."

தெருமுனை வருவதற்குள் பின்னால் பெண்களின் அழுகை நின்றது. அடுத்து தண்ணீர் ஊற்றும் சத்தம். வாசலில் வாளி வாளியாக. குடங்கள் உருளும் சத்தம். துடைப்பம். பறை அடிப்பவர்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. சிமெண்டுத் தரையில் கல் ஒன்று விழுந்தது. பலகை விழுந்தது.

கனமான ஒன்றை இரண்டு பேர் நகர்த்துவது தெரிந்தது. "அந்தாண்ட சாய்டி" என்றது ஜெயசித்ராவின் குரல்.

பிறகு ஒரே மூச்சில் ஊற்றியது. நிறைய நேரம் ஊற்றியது. கடைசியில் இரும்பு இரும்போடு மோதிச் சிமெண்டில் சரிந்தது.

அவன் நின்றுவிட்டான். தீச்சட்டியின் சூடு உறிக்கயிற்றில் ஏறி விரலுக்கு வந்திருந்தது.

"நட" என்றார் பெரியப்பா.

பறை ஆரம்பித்தது. அவன் நடந்தான்.

சுடுகாட்டில் மீசையை எடுத்தார்கள். தோளில் குடத்தை வைத்து மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை. குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கச் சொன்னார்கள், உடைத்தான். கொள்ளியைப் பின்பக்கமாக வைக்கச் சொன்னார்கள், வைத்தான்.

"இரும்பு இருக்கா?" என்று பெரியப்பா கேட்டார்.

"இருக்கு."

"அதான் முக்கியம்."

குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மணி மூன்று. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். தார்ப்பாயை மடித்து ஜீப்பின் உள்ளே வைத்திருந்தார்கள். பாதி நாற்காலிகள் போய்விட்டன. வீடு முழுவதும் ஈரம். பரிமளா கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அதைக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டான். கொஞ்சம் சோறு சாப்பிடு என்றார்கள். சாப்பிட்டான். கை கழுவப் போகிறேன் என்று சொன்னபோதுதான் தனியாக விட்டார்கள்.

குளியலறைப் பக்கம் போனான். டிரம் கவிழ்ந்திருந்தது. நன்றாகக் கழுவியிருந்தார்கள். வெளிப்பக்கமும் துடைப்பம் போட்டிருந்தார்கள். நீலம் புதிதுபோல் இருந்தது. ஒரு எழுத்து இல்லை. சாக்கடை நெடுகிலும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

சுவர் நிழலில் ஒரு சாக்கு விரிந்திருந்தது. அதன்மேல் சாமான்கள் பாத்திரம் கவிழ்த்தமாதிரி வரிசையாக இருந்தன. கீல்கள், கிளிப்புகள், கியர் ராடு, பிரேக் பெடல். பக்கத்தில் குத்துக்கால் போட்டு ஆண்டாயி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கிளட்ச் பெடல். மறு கையில் தேங்காய் நார். முன்னால் புளியும் சாம்பலும்.

அவனைப் பார்த்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"பாயோட சேத்து இதயும் தூக்கிப் போடப் போனாளுவ. நாந்தான் வாங்கி வெச்சேன்."

அவன் எதிரில் உட்கார்ந்தான்.

"போன வாரம் போன்ல சொன்னா. இரும்ப ஊற வெச்சிருக்கேம்மா, பித்தளைக்குப் புளி போட்ட மாதிரி வெளுத்து வரும், நீ வரப்ப காட்டுறேன்னு." பெடலைத் திருப்பிப் பார்த்தாள். "நானும் தேய்க்கிறேன். பாதிதான் வெளுக்குது."

"நடுவுல எடுத்துட்டாங்க. அதான்."

"எப்ப எடுக்கணும்?"

"இருபத்திநாலு."

அவள் மறுபடி தேய்த்தாள். கழுவி வைத்தவை நிழலிலும் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. தண்ணீர் பட்ட சுத்தமான இரும்பு அரை மணி நேரம் தாங்காது. பிரேக் பெடலின் சாம்பல் நிறத்துக்கு மேல் மஞ்சள் பூசியதுபோல் ஒரு படலம் ஏறியிருந்தது. உடனே எண்ணெய் தடவ வேண்டும். அவனுக்குத் தெரியும். கை எழவில்லை.

"மாப்ள."

"ம்."

"அவ கூப்ட்டாளா?"

உள்ளே யாரோ நாற்காலியை மடக்கும் சத்தம் கேட்டது. இன்னொன்று. ஜெயசித்ரா யாருக்கோ பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தெரியல அத்தை" என்றான். "மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு."

ஆண்டாயி செம்பிலிருந்து தண்ணீரைச் சாய்த்துப் பெடலைக் கழுவினாள். சாம்பல் போனது. முந்தானையால் துடைத்தாள். மிதிக்கிற பரப்பு வெளுத்திருந்தது. தண்டு இன்னும் கறுப்பாகவே இருந்தது. பிறகு அவனிடம் நீட்டினாள்.

அவன் எழுந்து டிரம்மை நிமிர்த்தினான். சுவரோரம், பழைய வட்டத் தடத்தின் மேலேயே வைத்தான். பெடல்களை முதலில் இறக்கினான். பிறகு கியர் ராடு. கீல்கள். கிளிப்புகள் இன்னும் பரிமளா கோத்த கம்பியிலேயே இருந்தன. கம்பியின் முனையில் அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை. அதை அப்படியே இறக்கினான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரும்பு டிரம்மின் அடியில் பட்டுச் சத்தம் எழுப்பியது.

கடைசியாக மடியில் இருந்த போல்ட்டை எடுத்தான். வியர்வையில் அது இன்னும் சிவந்திருந்தது. கையில் ஒட்டியது. அதையும் உள்ளே போட்டான்.

ஆண்டாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகை மூடி குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. கொண்டுவந்து மூடினான். கல்லைத் தேடினான். அது ஆண்டாயியின் பின்னால் கிடந்தது. அவள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து மூடியின் மேல் வைத்தாள்.

ஓரமாக இருந்தது. நடுவுக்கு நகர்த்தினாள்.